ஏன் வர விரும்புகிறீர்கள்

இரண்டு பத்து. அழைப்பு இரண்டரைக்கு. இன்னும் இருபது நிமிடம் இந்த பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தால் போதும், இருபது நிமிடத்தில் ஒரு மனுசனுக்கு என்ன ஆகிவிடப் போகிறது. மாரிச்செல்வி மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரை எனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள். "இதுலதாண்ணே கேமரா தெளிவா இருக்கும், காலைலேர்ந்து யாரையும் உக்கார விடல" என்றாள். தூத்துக்குடி பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இந்த ஜெராக்ஸ் கடையை அவள் ஒருத்திதான் பார்த்துக்கொள்கிறாள். ஜெராக்ஸ், லேமினேஷன், பாஸ்போர்ட்டுக்கு எழுதுவது, பரீட்சை முடிவு பார்ப்பது, எல்லாம். என் விண்ணப்பத்தையும் அவள்தான் டைப் அடித்தாள். பெயர் கஸ்பார். வயது முப்பத்தாறு. படிப்பு என்று கேட்ட இடத்தில் எட்டாம் வகுப்பு என்றேன், அவள் என் முகத்தைப் பார்க்காமல் அடித்தாள், நல்ல பிள்ளை. வேலை, கல்யாண வீட்டுச் சமையல். முன்பு பார்த்த வேலை, சரக்குக் கப்பலில் சமையல் உதவியாள், ஏழு மாதம். அதுவரைக்கும் எல்லாம் சரியாகப் போனது. அதற்குப் பிறகு ஒரு பெரிய கட்டம் வந்தது. ஏன் வர விரும்புகிறீர்கள், உங்கள் சொந்த வார்த்தைகளில் எழுதவும். "என்னண்ணே போட?" என்று கேட்டாள். நான் மேலே சுழன்ற காற்றாடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். "ஊரே வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போவுது, நீங்க சம்பளமில்லாம சோறாக்கப் போறேங்கீங்க, ஒரு காரணம் இருக்கும்லா?" என்றாள். இருக்கிறது என்றேன். "அதைச் சொல்லுங்க." நீயே ஏதாவது போடும்மா என்றேன். மனித குலத்துக்குத் தொண்டு செய்வது என் சிறுவயது முதலான கனவு என்று அவள் இங்கிலீஷில் அடித்து, தமிழில் எனக்கு வாசித்தும் காட்டினாள். சிறுவயதில் எனக்கு இருந்த கனவெல்லாம் தியேட்டரில் டிக்கெட் கிழிக்கும் வேலை மட்டும்தான். சரி என்று தலையாட்டினேன். ஒரு மாதமாக அந்த வரி என் பெயருக்குக் கீழே கடல் தாண்டிப் போய் யாருடைய மேசையிலோ கிடக்கிறது. இப்போது அவள் யாருக்கோ மதிப்பெண் சான்றிதழ் லேமினேட் செய்கிறாள், சூடான பிளாஸ்டிக் வாடை வருகிறது, எனக்கு அந்த வாடை ஆகாது. வெயிலில் காய்ந்த ரப்பரும் பெட்ரோலும் கலந்த வாடை மாதிரி அது. அன்று எனக்கு அந்த வாடை வந்திருக்கவே முடியாது, முந்நூறு அடி தூரம், காற்றும் அந்தப் பக்கமிருந்து அடிக்கவில்லை, ஆனாலும் மூக்கு சொல்கிறது, வந்தது என்று.

முந்நூறு அடியா, நானூறா. துனீசியாவில் உரம் ஏற்றிக்கொண்டு வடக்கே போய்க்கொண்டிருந்தோம், பிப்ரவரி பதினொன்று, காலை ஆறு நாற்பது. ஆறு நாற்பது என்பதில் சந்தேகமில்லை, அடுப்படிக் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் வெங்காயச் சருகு வாளியை எடுத்துக்கொண்டு பின்தளத்துக்குப் போனேன். கடல் நம் ஊர்க் கடல் மாதிரி இல்லை, ஈயம் உருக்கி ஊற்றியது போல ஆடாமல் கிடந்தது. வலது கைப்பக்கம் ஒரு சாம்பல் நிற ரப்பர் படகு. அதில் ஆட்கள், நெருக்கி நெருக்கி, விளிம்பில் கால் வெளியே தொங்க. எத்தனை பேர் என்று இன்றுவரை எண்ணிக்கொண்டிருக்கிறேன். ஒரு நாள் இருபத்தெட்டு வருகிறது, ஒரு நாள் நாற்பது, சில நாள் எண்ணிக்கொண்டு போகும்போதே குறைகிறது. யாரும் கத்தியது கேட்கவில்லை, இன்ஜின் சத்தத்தில் கேட்காது. சிலர் கையை ஆட்டினார்கள். கையாட்டுவதைக்கூட என்னால் வேறு மாதிரி நினைத்துக்கொள்ள முடியும், சும்மா கப்பலைப் பார்த்து ஆட்டினார்கள் என்று, வள்ளத்தில் போகிற நாங்களும் சின்ன வயதில் கப்பல்களைப் பார்த்து ஆட்டியிருக்கிறோம். ஆனால் நடுவில் தலையை மூடுகிற தொப்பி வைத்துத் தைத்த சிவப்புச் சட்டை போட்ட ஒருவன் என்னைப் பார்க்கவே இல்லை. அவன் குனிந்தபடியே இருந்தான். பாதியாக வெட்டின ஒரு மஞ்சள் கேனால் தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தான். அந்தக் குனிவு எனக்குத் தெரியும். எங்கள் அப்பா வள்ளத்தில் நான் அதே மாதிரி குனிந்து இறைத்திருக்கிறேன். சும்மா தேங்கின தண்ணீரை இறைக்கும்போது நாலு தடவை இறைத்துவிட்டு நிமிர்ந்து மூச்சு விடுவோம். ஓட்டை விழுந்து உள்ளே வருகிற தண்ணீரை இறைக்கிறவன் நிமிர மாட்டான். அவன் நிமிரவில்லை. கப்பலில் இருந்த இருபத்திரண்டு பேரில் அதைப் பார்த்து இன்னதென்று சொல்லக்கூடியவன் நான் ஒருவன்தான். வாளியைப் போட்டுவிட்டு உள்ளே ஓடினேன். சீஃப் குக் பிஸ்வால், ஒடிசாக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும், எனக்கு இட்லிக்கு உளுந்து வாங்கித் தந்தவர், நல்ல மனுசன், அதுதான் இன்னும் கஷ்டம். சொன்னேன். அவர் கதவு வரை வந்து எட்டிப் பார்த்தார். திரும்பி வந்து மாவைப் பிசைந்தார். "நீ பார்க்கலை. மேலே கப்பல் ஓட்டுறவன் பார்த்திருப்பான். பார்க்கிறதுக்குத்தான் அவனுக்குச் சம்பளம். நீ போய் அரிசி களை" என்றார். சுவரில் போன் இருந்தது. மேலே கூப்பிட இரண்டு எண்ணை அழுத்தினால் போதும். எடுத்தேன். காதில் வைத்தேன். உர்ர் என்று ஒரு சத்தம் கேட்டது. மேலே எடுப்பவன் செகண்ட் ஆபீசராக இருப்பான், அடுப்படிக்காரனுக்கு என்னடா வேலை கடலைப் பார்க்க என்பான், அடுத்த ஒப்பந்தம் கிடையாது என்பான். இதையெல்லாம் யாரும் சொல்லவில்லை, நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன், போனைத் திரும்ப மாட்டினேன், அரிசி களைந்தேன். மேலே இருந்தவன் பார்த்தானா, பார்த்துவிட்டு யாருக்காவது ரேடியோவில் சொன்னானா, தெரியாது. கேட்கவில்லை. மறுபடி பின்தளத்துக்குப் போனபோது கடலில் ஒன்றுமில்லை. ஒன்றுமில்லை என்றால் கப்பல் தள்ளி வந்துவிட்டது என்றும் அர்த்தம்.

இரண்டு இருபத்தாறு. "தண்ணி குடிக்கீங்களாண்ணே?" என்று மாரிச்செல்வி கேட்கிறாள். வேண்டாம் என்றேன். ஒப்பந்தம் முடிந்து வந்து ஒன்றரை வருடம், அடுத்த கப்பலுக்கு ஏஜென்ட் மூன்று முறை கூப்பிட்டுவிட்டான், உடம்பு சரியில்லை என்றே சொல்லிக்கொண்டிருக்கிறேன். கல்யாண மண்டபங்களில் நின்று சமைக்கிறேன். பெரிய அண்டாவில் அரிசி களையும்போது தண்ணீர் வெளுக்கும் பாருங்கள், அந்த நேரம் மட்டும் இன்னொருத்தனைச் செய்யச் சொல்லிவிட்டு வெளியே போய் நிற்பேன். அக்கா டெல்பின் வீட்டில்தான் இருக்கிறேன். ராத்திரி சாப்பாட்டுத் தட்டோடு போனில் வீடியோ பார்ப்பதை அவள் கவனித்திருக்கிறாள். படகுகள் கரை வந்து சேருகிற வீடியோ. இத்தாலி, கிரீஸ், ஸ்பெயின், எந்த ஊராக இருந்தாலும் சரி, வெள்ளிக் காகிதம் மாதிரி ஒரு போர்வையைப் போர்த்தி ஆட்களை உட்கார வைத்திருப்பார்கள், நான் நிறுத்தி நிறுத்தி முகங்களைப் பார்ப்பேன். அவன் முகத்தை நான் பார்த்ததே இல்லையே, பிறகு எந்த முகத்தைத் தேடுகிறேன். சிவப்புத் தொப்பிச் சட்டை தெரிந்தால் கை நின்றுவிடும். அப்படித் தேடித்தான் இந்த எண்ணமும் வந்தது, அங்கே போய்விட வேண்டும், வருகிறவர்களுக்கு எதையாவது செய்துகொண்டு கிடக்க வேண்டும். சொல்லச் சுலபம். கடலில் போய் ஆட்களை மீட்கும் கப்பல்கள் இருக்கின்றன, அவர்கள் நர்ஸ் சான்றிதழ் கேட்டார்கள், மாலுமிப் பட்டயம் கேட்டார்கள், பட்டப்படிப்பு கேட்டார்கள். சென்னையில் ஒரு ஆபீசில், தொண்டு செய்ய அனுப்பிவைக்கிறோம் என்று சொல்லி அதற்கே ஒரு லட்சம் பதிவுக் கட்டணம் கேட்டார்கள், வாங்குகிறவன் முகத்தைப் பார்த்தபோதே ஏமாற்று வேலை என்று தெரிந்துவிட்டது. ஒரு வீடியோவின் கடைசியில், ஆட்கள் வரிசையில் நிற்கிறார்கள், பின்னால் ஒரு பெரிய பானை, பானைக்குப் பின்னால் சுவரில் ஒரு ஈமெயில் முகவரி எழுதியிருந்தது. அதை நிறுத்தி எழுத்தெழுத்தாகக் குறித்துக்கொண்டு மாரிச்செல்வியிடம் வந்தேன். சிசிலித் தீவில் துறைமுகத்தை ஒட்டி ஒரு சமையல்கூடம். சான்றிதழ் தேவையில்லை, வயது தடையில்லை, ஆறு மாதத்துக்குக் குறையாமல் இருக்க வேண்டும், முந்நூறு பேருக்குச் சமைக்கத் தெரிய வேண்டும். அதை அவள் வாசித்துச் சொன்னபோது, இன்னொரு தடவை வாசி என்றேன். இந்த உலகத்தில் எனக்குத் தெரிந்த ஒரே வேலையை ஒருத்தர் கேட்கிறார். பிறகுதான் அந்தக் கட்டம்.

இரண்டு முப்பத்து நான்கு. அழைப்பு வரவில்லை. வராமலே போகட்டும் என்றும் ஒரு மனசு. டெல்பின் காலையில் சட்டையை இஸ்திரி போட்டுக் கொடுத்துவிட்டுக் கேட்டாள், "அங்க போய் என்னத்தைத் தொலைச்ச, தேடப் போற?" அவள் சாதாரணமாகத்தான் கேட்டாள். நான் சட்டைப் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டேன். சொல்லிவிடலாமா என்று நினைத்தேன், சொன்னால் என்ன ஆகும், அவள் என்னைத் திட்ட மாட்டாள், நீ என்னடா செய்வ, நீ சமையக்காரன்தானே என்பாள், அதைத்தான் என்னால் கேட்க முடியாது. அப்பா ஒரு தடவை வலையை அறுத்துப் போட்டுவிட்டு, கவிழ்ந்த வள்ளத்துக்குத் திரும்பினார். இரண்டு பேரைத் தூக்கிக்கொண்டு வந்தார், அதைப் பற்றிக் கரையில் ஒரு வார்த்தை பேசவில்லை, போன வலைக்காக மட்டும் ஒரு வாரம் புலம்பினார். அவர் இறந்து பதினொரு வருடம். இருந்திருந்தால் அவர் முகத்தைப் பார்த்திருக்க மாட்டேன். மறுபடி படகில் இருந்தவர்களை எண்ணிப் பார்க்கிறேன், முன்வரிசையில் ஒன்பது, இல்லை, எட்டு, ஒன்று பையாக இருக்கலாம். இங்கிலீஷ் பதிலை ஒரு தடவை சொல்லிப் பார்த்துக்கொள்கிறேன், ஐ லைக் சர்வீஸ், ஐ லைக் பீப்பிள். இது பொய்யா. பொய் இல்லை. ஆனாலும் இது இல்லை. கம்ப்யூட்டர் ஒலிக்கிறது. "அண்ணே, வருது வருது, பச்சையை அமுக்குங்க."

திரையில் ஒரு பெண். ஐம்பது வயதிருக்கும், மூக்குக்கண்ணாடி, கழுத்தில் சமையல்துணி, பின்னால் தகர அலமாரியில் தக்காளி டின்கள். நான் குட் மார்னிங் மேடம் என்றேன். அவர் சிரித்தார். "வணக்கம் தம்பி. நான் தவமலர். சொந்த இடம் பருத்தித்துறை, இஞ்ச வந்து இருபத்தாறு வருசம். உங்கட பேரைப் பார்க்கேக்க தமிழெண்டு விளங்கேல்ல, ஊரைப் பார்த்துத்தான் தெரிஞ்சது." இங்கிலீஷாக இருந்தால் மனப்பாடம் செய்ததைச் சொல்லிவிட்டு எழுந்து போயிருப்பேன். எத்தனை பேருக்குச் சமைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார். கல்யாணத்துக்கு ஆயிரம் பேருக்கு, அதில் நான் ஒரு ஆள், தனியாக என்றால் முந்நூறு பேர் வரை முடியும் என்றேன். "படிப்பைப் பற்றிக் கவலைப்படாதேங்கோ. என்னோட நிக்கிற ஆக்களில பாதிப்பேர் பள்ளிக்கூடமே போகேல்ல. ஒரு அறையில நாலு பேர் படுக்க வேணும். சாப்பாடு, படுக்கை எங்கட பாடு. டிக்கெட் உங்கட பாடு. விசாவுக்குக் கடிதம் தருவன், கிடைக்குமோ எண்டு சொல்லேலாது." கப்பலில் சம்பாதித்தது அப்படியே இருக்கிறது, டிக்கெட்டுக்கு வரும் என்றேன். அந்தக் காசை நான் தொடவே இல்லை என்பதைச் சொல்லவில்லை. அவர் ஒரு தாளை எடுத்துக் கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார். "இதில ஏன் வாறன் எண்டு எழுதியிருக்கே, இது ஆர் எழுதினது?" "கடைக்காரப் பிள்ளை எழுதுச்சு." "பரவாயில்ல, எல்லாரும் இதைத்தான் எழுதுறவை. இப்ப நீங்கள் சொல்லுங்கோ. ஏன் வாறியள்?"

லேமினேஷன் மிஷின் ஓடுகிற சத்தம் பின்னால் கேட்டது. நான் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டேன். கப்பலில் இருந்தேன் என்று ஆரம்பித்தேன். எங்கே ஆரம்பித்தேன் எங்கே முடித்தேன் என்று தெரியாது, போனுக்கு முதலில் வந்தேன், பிறகு படகுக்குப் போனேன், பிறகு பிஸ்வாலுக்கு, மறுபடி போனுக்கு. அரிசியைச் சொன்னேன். குனிந்துகொண்டே இருந்தவனைச் சொன்னேன். அது என்ன குனிவு என்று எனக்குத் தெரியும் என்பதையும் சொன்னேன். சொல்லி முடித்தபோது மிஷின் ஓடவில்லை, மாரிச்செல்வி அதை எப்போது நிறுத்தினாள் தெரியவில்லை. தவமலர் அக்கா கையிலிருந்த தாளைக் கவிழ்த்து வைத்தார். பரவாயில்லை என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்தேன். அவர் சொல்லவில்லை. "இதை முந்தி ஆருக்காவது சொன்னனீங்களோ?" என்றார். "இல்லக்கா." "எந்தத் தேதி?" சொன்னேன். "நேரம்?" சொன்னேன். எழுந்து போய் ஒரு நீள நோட்டுப்புத்தகத்தை எடுத்து வந்து பக்கம் புரட்டினார். "இஞ்ச ஆக்கள் தேடிக்கொண்டு இருக்கினம் தம்பி. தாய் தேப்பன், பெண்சாதி, எல்லாரும். ஆராவது எங்கையாவது கண்டனீங்களோ எண்டு கேட்டு எழுதுவினம். எனக்கும் ஒரு தமையன் இருக்கிறார். இருக்கிறார் எண்டுதான் இன்னும் சொல்லுறன்." விரலை ஒரு வரியில் வைத்தார். "அந்தக் கிழமை, அந்த ஏழு நாளுக்குள்ள, லிபியாவில இருந்து மூண்டு படகு வெளிக்கிட்டிருக்கு. ஒண்டு வந்து சேர்ந்தது. ரெண்டு வரேல்ல." நான் பார்த்தது எது என்று கேட்டேன். "தெரியாது. எல்லாம் சாம்பல் நிறம்தான்."

பிறகு அவர் கண்ணாடியைக் கழற்றினார். "கப்பலின்ர பேரைச் சொல்லுவியளோ? சொன்னால் அந்த நேரத்தில கப்பல் எங்க நிண்டதெண்டு தேடிப் பார்க்கலாம். அதுக்குத் தெரிஞ்ச ஆக்கள் இருக்கினம். ஆனா சொன்னால் உங்களுக்கு இனி ஒரு கப்பலிலயும் வேலை கிடைக்காது. வழக்குக்கும் கூப்பிடக்கூடும். யோசிச்சுச் சொல்லுங்கோ, அவசரமில்ல." யோசிக்க என்ன இருந்தது. பிஸ்வாலுக்கு ஓய்வுக்கு மூன்று வருடம் இருந்தது, மகளுக்குக் கல்யாணம் வைத்திருந்தார், அது ஒரு நிமிடம் வந்து நின்றது. கப்பலின் பெயரை இரண்டு தடவை சொன்னேன். அவருக்கு எழுத்து பிடிபடவில்லை. என் தோளுக்குப் பின்னாலிருந்து ஒரு கை வந்தது. மாரிச்செல்வி. விண்ணப்பத்துக்காக எடுத்து, அவர்கள் கேட்காததால் அனுப்பாமல் அவள் வைத்திருந்த ஜெராக்ஸ், என் கப்பல் புத்தகத்தின் பக்கம், ஏறின தேதி, இறங்கின தேதி, கப்பல் பெயர், முத்திரை. அதைக் கேமராவுக்கு நேராகப் பிடித்தாள். தவமலர் அக்கா எழுதி முடிக்கும்வரை கையை இறக்கவில்லை.

"வேலை விசயம்" என்றார் அவர், பேனாவை மூடிக்கொண்டே. "எனக்கு ஆள் வேணும். நீங்கள் சரியான ஆள் எண்டும் தெரியுது. ஆனா ஒண்டு சொல்ல வேணும். என்னோட நிக்கிற பிள்ளை ஒண்டு, ரஹ்வா. எரித்திரியாக்காரி. வராத ரெண்டு படகில ஒண்டில அவளின்ர தம்பி இருந்தவன். நீங்கள் வந்தால் ஆறு மாசம் அவளோட ஒரே அடுப்படியில நிக்க வேணும். ஏலுமோ?" முடியும் என்று வாய் வரை வந்தது. எப்படி முடியும் என்று அதற்குப் பின்னாலேயே வந்தது. அவளுக்கு நான் வெங்காயம் நறுக்கிக் கொடுப்பேன், அவள் எனக்கு உப்பு எடுத்துத் தருவாள், காலையில் ஒரே குழாயில் அரிசி களைவோம், அவள் தம்பி என்ன நிறச் சட்டை போட்டிருந்தான் என்று நான் எந்த நாள் கேட்பேன், எந்த நாளும் கேட்க மாட்டேன், கேட்காமல் ஆறு மாதம். தம்பியா, சின்னப் பையனா, பெரியவனா. அங்கேயும் நான் எண்ணிக்கொண்டே இருப்பேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவருக்குப் பின்னால் கதவு திறந்தது. ஒல்லியான ஒரு பெண், தலையில் வெள்ளைத் துணி, கையில் ஒரு தட்டு நிறைய உரித்த பூண்டு. இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. திரையைப் பார்த்ததும் குனிந்து முகத்தைப் பக்கத்தில் கொண்டுவந்தாள்.

"நியூ குக்?" என்றாள். பல்லெல்லாம் தெரியச் சிரித்தாள். "கம் சூன். டூ மச் ஒர்க் ஹியர்."

தவமலர் அக்கா திரும்பி அவளைப் பார்க்கவில்லை, என்னைத்தான் பார்த்தார். அவளுக்குப் புரியாத தமிழில், சாதாரணக் குரலில் சொன்னார்: "நான் சொல்ல மாட்டன். நீங்களும் இண்டைக்கே சொல்ல வேணுமெண்டு இல்ல. அவளுக்கு ஒண்டும் தெரியாது."

அவள் இன்னும் சிரித்துக்கொண்டு நின்றாள், பதிலுக்காக. நானும் சிரிக்கலாம். யெஸ், சூன் என்று சொல்லலாம். அவள் போய்விடுவாள், பூண்டைத் தட்டுவாள், மதியச் சமையலுக்கு நேரமாகிவிட்டது. ஒரு மாதம் கழித்துச் சொல்லலாம், நன்றாகப் பழகின பிறகு. நல்லவன் என்று அவள் நம்பின பிறகு. அது அதைவிடக் கேவலம் என்று தோன்றியது. "சிஸ்டர்" என்றேன். "ப்ளீஸ், சிட் டவுன்."

அவளுக்கு விளங்கவில்லை. தவமலர் அக்காவைப் பார்த்தாள், அவர் எழுந்து தன் நாற்காலியை அவளுக்குத் தள்ளினார். அவள் தட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். சிரிப்பு முழுதும் போகவில்லை. "ஐ ஒர்க் இன் ஷிப்" என்றேன். "டூ இயர்ஸ் பிஃபோர். பிப்ரவரி லெவன். மார்னிங்." சிரிப்பு போயிற்று. அந்தத் தேதியை அவளுக்கு யாரும் மொழிபெயர்க்க வேண்டியிருக்கவில்லை. பூண்டுத் தட்டைத் தரையில் வைத்துவிட்டு நிமிர்ந்தாள், இரண்டு கையையும் மடியில் சேர்த்துக்கொண்டாள்.

"டெல் மீ" என்றாள்.

சொன்னேன். மாரிச்செல்வி என் பின்னாலேயே நின்றாள், ஒரு வார்த்தைக்கு நான் தடுமாறி நின்றபோது அதை மெல்ல எடுத்துக் கொடுத்தாள். படகு, தண்ணீர், போன், நான் கூப்பிடவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் அதற்குப் போதுமாக இருந்தது.